பனிக்காலத்தில் மலைமேல் தங்கியவர்கள்

(மைசூரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்கழி பிறந்துவிட்டது. தேவராஜா மார்க்கெட்டில் அவரைக்காய் வந்து குவிகிறது. பனி இறங்கினால்தான் அவரைக்கு மணம் ஏறும் என்று இந்த ஊர்த் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூரில், மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை போதும். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை என்று தெற்கே போய் மலையேறினால், அரை நாளுக்குள் வேறொரு குளிருக்குள் நுழைந்துவிடலாம். அங்கே 2637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது தொட்டபெட்டா. அந்த உச்சியைப் பற்றியும், அதுபோன்ற உச்சிகளில் பனிக்காலத்திலும் தங்கிக் காற்றையும் குளிரையும் அளந்தவர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

மைசூருக்கும் ஊட்டிக்கும் பழைய உறவு உண்டு. மைசூர் மன்னர்களின் கோடை மாளிகை ஊட்டியின் ஃபெர்ன்ஹில்லில்தான் இருந்தது. சித்திரை, வைகாசியில் மேலே போவதும், மழை பிடிக்குமுன் இறங்கி வருவதும் வசதியுள்ளவர்களின் வழக்கம். மலையைக் கோடையில் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். தை மாதத்துப் பின்னிரவில் அதன் உச்சியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெப்பமானியைப் படித்தவர்கள் மிகச் சிலர். கீழே இருந்துகொண்டு மலையின் குளிரைப் பற்றி நாம் நினைத்திருந்த பலவற்றை, அந்தச் சிலர் எழுதிவைத்த எண்கள்தாம் திருத்தின.

தொட்டபெட்டாவில் அந்த வேலை தொடங்கியது 1847ஆம் ஆண்டு. சென்னை வானாய்வகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளராக இருந்தவர் டி. ஜி. டெய்லர். அவருடைய மேற்பார்வையில் மலையுச்சியில் வானிலைக்கென்றே ஒரு பங்களா இயங்கியது. 1847, 1848 ஆண்டுகளில் அங்கே எடுத்த அளவுகள் சென்னையில் தனி நூலாகவே அச்சாயின. அதன் தலைப்பிலேயே இடத்தின் உயரம் 8640 அடி என்று குறித்திருக்கிறார்கள். டெய்லர் 1848இல் காலமானார். அவருக்குப் பின் வந்த டபிள்யூ. எஸ். ஜேகப் காலத்திலும் அந்தப் பணி நடந்தது. ரயில் இல்லை, தந்தி இல்லை. முக்கால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள, பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயை உடையாமல் அந்த உயரத்துக்குக் கொண்டுசேர்த்ததே பெரும்பாடாக இருந்திருக்கும். அதைச் சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

அந்த எண்களை உலகம் உடனே கவனித்தது. தக்காணத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பற்றி 1835இலேயே எழுதியவர் கர்னல் சைக்ஸ். இந்தியாவில் வெவ்வேறு உயரங்களில் எடுத்த வானிலை அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, 1850இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் தொட்டபெட்டாவுக்கும் இடம் உண்டு. நம் நாட்டில் காற்றழுத்தம் காலை பத்து மணியை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது, மாலையில் தாழ்கிறது, இரவு பத்து மணியை ஒட்டி மறுபடி ஏறுகிறது. கடலுக்கு இருப்பதுபோலக் காற்றுக்கும் ஓர் ஏற்றவற்றம். இது சமவெளிக்கு மட்டும் உரியதா, மலைமேலும் நடக்கிறதா என்பதைச் சொல்ல, மேலே ஒருவர் இரவும் பகலும் இருந்தாக வேண்டும்.

இனி அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இன்று ஒரு வானிலை நிலையத்தில் நாள் தொடங்குவது காலை 8.30 மணிக்கு. உலக நேரப்படி அது 3 மணி. அந்தக் கணத்தில் உலகின் பல நாடுகளிலும் யாரோ ஒருவர் கருவியின் முன் நிற்கிறார். வெள்ளையடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்கள், உள்ளே நான்கு வெப்பமானிகள். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த பெட்டி அது. அவர் பெயராலேயே வழங்குகிறது. உலர்குமிழ், ஈரக்குமிழ், அதிக அளவு, குறைந்த அளவு என்று நான்கையும் படித்து, மழைமானியின் நீரை அளந்து, மேகங்களின் வகையையும் அளவையும் எழுதி, எவ்வளவு தூரத்திலுள்ள குன்று கண்ணுக்குத் தெரிகிறது என்று குறிக்க வேண்டும். இவ்வளவையும் சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும்.

பனிக்காலத்தில் இந்தச் சில நிமிட வேலைக்கு நெடுநேர முன்னேற்பாடு தேவைப்படுகிறது. ஈரக்குமிழைச் சுற்றியிருக்கும் மெல்லிய துணி உறைந்து விறைத்துவிடும். படிக்கும் நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய், சில்லென்ற நீரால் அதை நனைத்து, குமிழின்மேல் மெல்லிய பனிப்படலம் உண்டாகும்வரை காத்திருக்க வேண்டும். சில வேளை நீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் அடம்பிடிக்கும். அப்போது ஒரு பனித்துணுக்கால் தொட்டு உறையவைப்பார்கள். படிக்கும்போது மூச்சுக்காற்று குமிழில் படக்கூடாது. மாலையில் சூரிய ஒளி பதியும் கருவியின் அட்டையை மாற்ற வேண்டும். கண்ணாடிக் கோளம் ஒன்று வெயிலைக் குவித்து அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும் கருவி அது. மேகம் மறைத்த நேரமெல்லாம் கோடு அறுந்து கிடக்கும். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களுக்கு அதில் வேறு வளைவுள்ள அட்டை.

சமையலும் மலையில் வேறு கணக்கு. தொட்டபெட்டா உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகவில்லை. பிரஷர் குக்கர் இல்லாத காலத்தில் அங்கே தங்கியவர்கள் துவரம்பருப்புக்கு எவ்வளவு விறகு செலவழித்திருப்பார்கள் என்று நம் தாய்மார்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்று பள்ளியில் படித்தோம். பகலில் அது சரி. தெளிந்த வானமும் அசையாத காற்றுமாக இருக்கும் தை மாத இரவில் நிலைமை தலைகீழ். நிலம் தன் வெப்பத்தை வானத்துக்குள் விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துப்போய், சரிவில் தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் செய்தித்தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் உறைபனிக்கு ஒரே இடங்களின் பெயர்களைச் சொல்கின்றன: தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். எல்லாம் தாழ்ந்த இடங்கள். அவற்றுக்கு மேலே பல நூறு மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டபெட்டா அந்த இரவில் அந்தப் பள்ளங்களைவிடக் கதகதப்பாக இருக்கக்கூடும். உச்சியிலும் ஒரு வெப்பமானி, பள்ளத்திலும் ஒரு வெப்பமானி, இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க இரண்டு பேர் இருந்தால்தான் இது தெரியவரும்.

"ஊட்டியில் பூச்சியம் டிகிரி" என்று செய்தி வரும்போது அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும் வெப்பமானி ஒரு கணக்குச் சொல்லும். திறந்த வானத்தின் கீழ், புல்நுனியை ஒட்டிப் படுக்கவைத்திருக்கும் வெப்பமானி அதைவிடச் சில டிகிரி குறைவாகச் சொல்லும். பயிருக்கு உயிர்போகும் கணக்கு இந்த இரண்டாவதுதான். கேரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலைத் தளிரும் இருப்பது புல்லின் உயரத்தில். பெட்டிக்குள் 3 டிகிரி காட்டும் விடியலில் தோட்டம் வெள்ளையாகக் கிடக்கும்; வெயில் ஏறியதும் இலை கருகும். மலை விவசாயிகள் வெயில் படுமுன் எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் தழையால் கூரை போடுகிறார்கள். அந்தத் தழை நிலத்து வெப்பம் வானத்துக்குப் போவதைத் தடுக்கிறது. இயற்பியல் நூல் படித்துவிட்டு வந்த ஏற்பாடு அன்று அது. பல தலைமுறை விடியற்காலைகளைப் பார்த்தவர்களின் அறிவு.

இந்த உறைபனி மலையின் முகத்தையே எழுதியிருக்கிறது. நீலகிரியின் பழைய நிலப்பரப்பில் சோலைக்காடு மடிப்புகளிலும் புல்வெளி திறந்த சரிவுகளிலுமாகக் கலந்து கிடக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் முளைத்தாலும், திறந்த வானத்தின் கீழ் உறைபனி அந்தக் கன்றைப் பிழைக்க விடுவதில்லை. புல்வெளி புல்வெளியாகவே நீடிப்பதற்கு நெருப்போடு சேர்த்து உறைபனியையும் காரணமாகச் சூழலியலாளர்கள் சொல்கிறார்கள். பனி குறைந்துபோனால் அந்த எல்லைக்கோடு என்னவாகும்? நூறாண்டுக் குறைந்தபட்ச வெப்பக் கணக்கு கையில் இல்லாமல் இதற்குப் பதில் தேடவே முடியாது.

உயரம் மட்டுமே குளிரைத் தருவதில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி, நாம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் சாமுண்டி மலை ஏறத்தாழ 1060 மீட்டர். குண்டல்பேட்டைக்கு அப்பால் மூடுபனி சூழ்ந்த ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா 1454 மீட்டர். அங்கே வேணுகோபாலனைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். ஸ்காட்லாந்திலுள்ள பென் நெவிஸ், அதாவது பிரிட்டன் முழுவதிலும் உயர்ந்த மலை, 1345 மீட்டர்தான். கோபாலசுவாமி பெட்டாவைவிடத் தாழ்ந்தது. ஆனால் அதன் உச்சியில் ஆண்டுச் சராசரி வெப்பம் பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறோம். அது துருவத்தை நோக்கிப் பாதிவழிக்கு மேல் போய்விட்ட இடம்.

அந்தப் பென் நெவிஸ் உச்சியில் 1883ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு வானிலை நிலையம் திறந்தார்கள். 1904இல் பணமில்லாமல் மூடும்வரை இரவும் பகலும் மணிக்கொரு முறை அளவெடுத்தார்கள். பனிக்காலத்தில் கதவு பனிக்குள் புதைந்துவிடும்; வெளியே வருவதற்கென்றே மேலே ஒரு கோபுரம் கட்டிக்கொண்டார்கள். ஸ்டீவன்சன் பெட்டியின் சட்டங்களைப் பனி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டு வேறொன்றை வைப்பார்கள். இப்படி இருபது ஆண்டு. அமெரிக்காவின் மவுன்ட் வாஷிங்டன் 1917 மீட்டர், தொட்டபெட்டாவைவிட 720 மீட்டர் குறைவு. அங்கே தங்கியிருந்தவர்கள் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தார்கள். புயலுக்கு வெளியே அதைவிட வேகமான காற்றைத் தரையில் மனிதர் நின்று அளந்ததாக இன்றுவரை பதிவில்லை.

பென் நெவிஸுக்கு 1894 செப்டம்பரில் ஓர் இளைஞர் வந்தார். சி. டி. ஆர். வில்சன். நிலையத்தில் ஊழியர் விடுப்பில் போனபோது மாற்றாளாக இரண்டு வாரம் தங்க வந்தவர். காலை வெயில் முதுகில் பட, கீழே பரந்த மேகத்தின்மேல் தன் நிழல் விழுவதையும், அந்த நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதையும் கண்டார். நம் மலைகளிலும் மேகத்துக்கு மேலே நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதுண்டு. வில்சனுக்கு அது மனத்தை விட்டுப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் அதேபோல மேகத்தை உண்டாக்கிப் பார்க்க முனைந்தார். அந்த முயற்சி வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓடிய தடத்தை நீர்த்துளிக் கோடாகக் காட்டும் முகில் அறை என்ற கருவியாயிற்று. 1927இல் அதற்கு நோபல் பரிசு. 1936இல் இயற்பியலாளர்கள் ஆண்டர்சனும் நெடர்மேயரும் முகில் அறையை வைத்துத்தான் மியூவான் என்ற துகளைக் கண்டுபிடித்தார்கள்.

வில்சனுக்கு இடிமேகத்தின் மேலும் தீராத ஈடுபாடு. ஓர் இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உருவாகலாம் என்று 1920களில் சொன்னார். பலூன் விட்டுப் பார்த்தார்கள், விமானம் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மேகத்தின் ஒரு மூலைதான் கைக்கு அகப்பட்டது. மேகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அளக்க வழியில்லாமல் இருந்தது.

வழி ஊட்டியில் கிடைத்தது. 2200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற அமைப்பில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் கருவி ஒன்று, வானிலிருந்து பொழியும் மியூவான்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஓர் இடிமேகம் அந்தக் கூரைக்கு மேலே கடந்துபோனது. மேகத்தின் மின்புலம் மியூவான்களின் ஆற்றலைக் குறைத்தது. கருவிக்கு வந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். வில்சன் சொன்னது சரிதான் என்பது நீலகிரியில், அவரே செய்த கருவியால் கண்டறிந்த துகளைக் கொண்டு உறுதியாயிற்று. இதைப் படித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்காட்லாந்தின் ஒரு குன்றில் இரண்டு வாரம் மாற்றாளாகத் தங்கியவரின் கேள்விக்கு, அவர் அங்கே தங்கி 120 ஆண்டு கழித்து நம் மைசூர் சாலை போய்ச்சேரும் மலையில் விடை கிடைத்திருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் இதை மறக்கக்கூடாது.

இன்னொரு மலையைச் சொல்லாமல் விட முடியாது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை வாரிக்கொண்டு போனது. மழை ஏன் பொய்த்தது, முன்கூட்டி அறிய முடியுமா என்ற கேள்வி அரசை உலுக்கியது. சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்கலாம் என்று அன்று பலர் நம்பினார்கள். சூரியனை நாள்தோறும் பார்க்கத் தென்னாட்டு மலையொன்றில் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த நம்பிக்கையும் ஒரு விதை. 1899இல் கொடைக்கானலில், 2343 மீட்டர் உயரத்தில், வானியலாளர் மிச்சி ஸ்மித்தின் தலைமையில் அது உருவானது. 1971 வரை அது வானிலைத் துறையின் கீழேயே இருந்தது. கரும்புள்ளியை வைத்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை நிறைவேறவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்துவரும் சூரியப் படங்கள் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத செல்வமாகச் சேர்ந்திருக்கின்றன. வடகிழக்கு மழை ஓய்ந்த தை, மாசியில் வானம் துல்லியமாக இருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானால் காற்று நடுங்கிப் படம் கலங்கும். ஆகவே குளிர் விடாத காலையிலேயே குவிமாடத்தைத் திறந்துவிட வேண்டும். இரண்டு உலகப் போர்கள் வந்தன, ஆட்சி மாறியது; குவிமாடம் திறப்பது நிற்கவில்லை.

மைசூரும் சும்மா இருந்துவிடவில்லை. 1890களிலேயே சமஸ்தானம் தனக்கென்று வானிலைத் துறை ஒன்றை வைத்துக்கொண்டது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் ஜான் குக் அதைக் கவனித்தார். மைசூர் நகரத்திலும் ஆய்வகம் அமைந்தது. பஞ்சம் பட்ட நாடு மழையை எண்ணத் தொடங்கியது.

இன்று தானியங்கி நிலையங்கள் மலைதோறும் வந்துவிட்டன. அவை நல்லவை, வேண்டியவை. ஆனால் மழைமானியின் வாயில் சருகு விழுந்து அடைத்தால் கருவி "மழை இல்லை" என்றே எழுதும். மூடுபனி மரக்கிளையில் சொட்டி மண்ணை நனைப்பது அதற்குத் தெரியாது. உச்சிகளில் ஒரு சில இடங்களிலாவது மனிதக் கண் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஊழியருக்கு நல்ல வீடும் கம்பளியும் பிள்ளைகள் படிக்க வழியும் செய்து தருவது நாடு செய்ய வேண்டிய செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பென் நெவிஸ் நிலையத்தின் கையெழுத்து ஏடுகளை 2017இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சுமார் 15 லட்சம் எண்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள். தொட்டபெட்டாவின் 1847ஆம் ஆண்டு எண்கள் அச்சில் இருக்கின்றன. பழைய பாரன்ஹீட், பழைய அங்குலம், மாற்றுவது கடினமில்லை. ஒரு பக்கத்தை இருவர் தனித்தனியே பதிய வேண்டும், வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். உறைபனிக் கணக்குக்கு அவைதான் உடனே வேண்டும். எண்ணைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்த எவரும் இதில் சேரலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேடைக்கு அருகே வந்து பெயர் கொடுங்கள்.